ஆணியில் தொங்கும் சாவி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டுதல். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்குச் சுகம். அப்பாவும் சுகம்தான், அவர் இவ்வளவு சுகமாக இருப்பதுதான் என் கவலையே, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற ஒரே போன் அவரிடம்தான், அதில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு வேலையில் சின்னதாக அடிபட்டது என்று சொன்னேனே, அடி சின்னதுதான், நடந்தது சின்னதில்லை. நீ பதறுவாய் என்று மறைத்துவிட்டோம். லிஃப்ட் ரிப்பேருக்குக் கீழே குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாரே, ஞாபகம் இருக்கிறதா? "இந்தச் சாவி என் பையில இருக்கற வரைக்கும் எமனே வந்தாலும் மாடிப்படி ஏறித்தான் போகணும்" என்று உன்னிடம் பீற்றிக்கொள்வார். அன்று ஒரு நட்டை முடுக்குகிற வேலைதானே என்று பூட்டாமல் இறங்கிவிட்டார். லிஃப்ட் ஓடவில்லையே என்று வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அது இறங்கி வந்து, மல்லாந்து கிடந்தவர் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே நின்றது. கூட வேலை பார்க்கும் மீசைக்காரர்தான் கத்திக்கொண்டே மொட்டை மாடிக்கு ஓடி, மெஷினில் இருக்கும் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி லிஃப்டை மேலே ஏற்றி இவரை வெளியே இழுத்தார். அப்பாவுக்குக் கொஞ்சமும் பதற்றமே இல்லையாம். வீட்டுக்கு வந்து, "அந்த இருட்டுல நான்னு ஒருத்தன் இல்லவே இல்ல. ஆனா எல்லாம் இருந்துச்சு. அப்படி ஒரு நிம்மதி" என்றார்.

அதன் பிறகு ஆளே மாறிவிட்டார். சிகரெட் போன இடம் தெரியவில்லை. வருஷக்கணக்காக முகம் பார்க்காத உன் பெரியப்பா வீட்டுக்குத் தானாகவே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவர், இப்போது உப்பே போடாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்கிறார், நானே போடாமல் சோதித்துப் பார்த்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து சுவரைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு டீச்சர், "உங்க வீட்டுக்காரர் முகத்துல ஒரு தெளிவு வந்திருக்குக்கா" என்கிறாள். வந்திருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த மனுஷன் திருந்த மாட்டாரா என்று இத்தனை காலம் ஏங்கியவளும் நான்தான். திருந்தியவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் என்பதே அவரிடம் இல்லை. ரோட்டைக் கடக்கும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நீ கார் ஓட்டப் பழகுகிறாய் என்று சொன்னேன், "சரி" என்றார், அவ்வளவுதான். நீ சைக்கிள் பழகியபோது சீட்டை விடாமல் தெருமுனை வரை மூச்சிரைக்க ஓடி வந்த மனுஷன்.

போன வாரம் மீசைக்காரர் வந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "அண்ணி, அண்ணன் இப்ப பூட்டே போடறதில்ல. வேலை முடிஞ்சப்புறமும் குழியிலயே படுத்துக்கறாரு. லிஃப்ட் மேல போகுது, கீழ வருது, இவரு கண்ணைத் திறந்து பாத்துக்கிட்டே இருக்காரு. கத்துனா சிரிக்கறாரு" என்றார். நான் அப்பாவிடம் சண்டை போட்டேன், அழுதேன். என் தலையைத் தடவிவிட்டு, "அந்த இடத்துக்குப் போக எனக்கு வேற வழி தெரியலம்மா. ஒரு தடவை வந்து பாத்தா நீயும் பயப்பட மாட்ட" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அவருக்குக் கிடைத்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு எட்டாத விஷயம் அது. ஆனால் எனக்கு அவர் வேண்டும், தட்டைத் தள்ளுகிற அந்தப் பழைய சிடுமூஞ்சியே போதும். நீ ஒன்று செய். கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. நலம் விசாரிக்காதே, புத்தி சொல்லாதே. கார் ஓட்டப் பயமாக இருக்கிறது, நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஓட்டுவேன் என்று அடம் பிடி. பொய்யானாலும் பரவாயில்லை. தனக்காகப் பயப்பட மறந்தவர் உனக்காகவாவது பயப்படட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். பெல்ட் போடாமல் வண்டியை எடுக்காதே.

இப்படிக்கு,
எந்நேரமும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்ட எழுந்தேன். அப்பா எனக்குத் தெரியாமலே வேலைக்குக் கிளம்பிவிட்டார். மீசைக்காரர் இன்று லீவு, இவர் தனியாகத்தான் போயிருக்கிறார். பூட்டும் சாவியும் ஆணியில் தொங்குகின்றன. எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், இதை வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். நீ கூப்பிடும்போது போனை அவரே எடுக்க வேண்டும்.