ஒரு நாள் மட்டும் அமைதியாக இருந்த தெரு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையின் இருமல் குறைந்ததா? கடிதம் வீட்டுக்கு வராமல் உன் ஆபீசுக்கு வந்ததைப் பார்த்து நீ இதற்குள் பயந்திருப்பாய். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் பக்கத்தில் உன் மாமியார் இருப்பாரோ என்றுதான் எழுதுகிறேன்.

நகரத் திட்ட ஆபீசிலிருந்து புது வரைபடத்தைக் கொண்டுவந்து தெருமுனையில் ஒட்டியிருக்கிறார்கள். நம் தெரு முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு மட்டும்தானாம், தொழில் எதுவும் கூடாதாம். கணக்கெடுத்த அன்று நடந்துகொண்டிருந்த பட்டறைகள் அப்படியே இருக்கலாம், மற்றவை ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அப்பா, "அப்ப நமக்கென்ன, முப்பது வருஷமா பட்டறை ஓட்டிட்டுதானே இருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்தார். அதில் நம் தெருப் பட்டறை ஒன்றுகூட இல்லை. கணக்கெடுத்த தேதியைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உன் மாமியார் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்த நாள் அது.

அன்று தெருப் பட்டறைகளை மூடிவைக்கும் யோசனை என்னுடையது. அவர்கள் சத்தம், கரி, எண்ணெய் என்றாலே முகம் சுளிப்பார்கள் என்று நீ சொன்னதால் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். வெல்டிங் மாமா ஷட்டரை இறக்கினார். அட்டைப்பெட்டி அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் துணி காயப்போட்டாள். முன்னறையில் இரும்பு கடையும் அப்பாவின் லேத்துக்கு உன் பழைய போர்வையைப் போர்த்தி, மேலே பூச்சாடி வைத்தோம். உன் மாமியார், "எவ்வளவு அமைதியான தெரு!" என்று பூரித்துப்போனார். அந்த நேரம் பார்த்து நோட்டும் கையுமாக ஒருவர் வந்து, "இங்க ஏதாவது தொழில் நடக்குதா?" என்று கேட்டார். சம்பந்தி காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "இது வீடுங்க. இந்தத் தெருவுலயே அந்த மாதிரி எதுவும் கிடையாது." பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு. அவரும் வேலை சுலபமாக முடிந்தது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பட்டறை ஓடுவதற்கு ஆதாரமாக மின்சார ரசீதை எடுத்துக்கொண்டு நகரத் திட்ட ஆபீசுக்குப் போனோம். வீட்டு இணைப்பில்தானே ஓட்டுகிறோம், அதுவும் வீடு என்றுதான் சொல்கிறது. அங்கே இருந்த அதிகாரியம்மா நல்லவர். "இப்ப தெருக்காரங்க எல்லாரும் பட்டறை முன்னாடியே இருந்துச்சுன்னுதான் சொல்வீங்க. அன்னைக்கு வெளியிலிருந்து வந்தவங்க யாராவது, எங்களுக்காகத்தான் அடைச்சு வெச்சாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா திருத்தலாம்" என்றார். அன்று வெளியிலிருந்து வந்தவர்கள் உன் மாமனார், மாமியார், மாப்பிள்ளை மூன்றே பேர்.

அப்பா உனக்கு எழுதவே கூடாது என்றுவிட்டார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. வெல்டிங் மாமா, "பொண்ணு வாழ்க்கையில குழப்பம் வேணாம், நான் எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போயிடுறேன்" என்கிறார். பாதிக் கண் தெரியாத மனுஷன் எதைக் காவல் காப்பார்? அட்டைப்பெட்டி அக்கா என்னைத் திட்டினாலாவது மனசு ஆறும். அவளோ பார்க்கும்போதெல்லாம், "பொண்ணு நல்லா இருக்காளா?" என்றுதான் கேட்கிறாள். எனக்கு உயிரே போகிறது.

உன் பாடும் எனக்குத் தெரியும். உன் மாமியார் வீட்டார் மறுபடி இங்கே வருகிறோம் என்றபோதெல்லாம் நீதான் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாய். உன் போன் வந்தால் அப்பா ஓடிப்போய் லேத்தை நிறுத்துகிறார். இத்தனை நாள் கழித்துத் தெரிந்தால் உன்னை என்ன சொல்வார்களோ, மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பாயோ! அதனால் நான் எதுவும் கேட்கவில்லை. ஆட்சேபணை கேட்கும் நாள் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி. நகரத் திட்ட ஆபீஸ் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், சும்மா இருக்கட்டும்.

இப்போதும் முன்னறையில் லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அந்தச் சத்தத்தில்தான் தூங்குவாய். அது நின்றால் விழித்துக்கொண்டு அழுவாய்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவு இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா