பிரிஸ்கில்லா வருவதாக இருந்த ஞாயிறு

7 நவம்பர் 2005, திங்கள்

விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. மூன்றாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பரையெல்லாம் திருத்தி முடித்தேன். தம்பி ஸ்டீபன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. திட்டுவதையும் இப்போது விட்டுவிட்டேன். அவன் வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம் தொடங்கிய குடி. போதையில் மகள் பிரிஸ்கில்லாவை சைக்கிளில் உட்காரவைத்து ஓட்டி, விழுந்து, அவள் கை முறிந்த அன்றே அவன் மனைவி ஜெசிந்தா அவளைத் தூக்கிக்கொண்டு வடமதுரைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து தம்பி என்னோடு இருக்கிறான். இருக்கிறான், அவ்வளவுதான்.

9 நவம்பர்

மேலக்குளம் நிரம்பி மறுகால் பாய்கிறதாம். வீட்டுக்குப் பின்னால் எப்போதும் சாக்கடை தேங்கிக் கிடக்கிற வாய்க்காலில் இன்று இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு செம்மண் தண்ணீர். ஸ்டீபன் பின்பக்கச் சுவரில் கைகளை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, இதுல தெப்பம் போகும்."



11 நவம்பர்

விளையாட்டுக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது. பஞ்சர் கடை சௌகத் அலி பாயிடம் பழைய லாரி டியூப்கள் கேட்டு வாங்கி வந்துவிட்டான். மேலே கட்ட மூங்கில், உட்கார ஒரு பழைய கதவு. கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானல் ஏரியில் டூரிஸ்ட்காரர்களுக்குத் துடுப்பு போட்டவன். அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் முகம் தெளியும்.

"பாப்பாவ ஒரு ஞாயித்துக்கிழமை வரச்சொல்லுக்கா. நம்ம வீட்லருந்து ரயில் பாலம் வரைக்கும் போய்ட்டு வரலாம். நீயும் வா. புளிச்சோறு கட்டிக்குவோம்."

"ஜெசிந்தா அனுப்புவாளாடா?"

"நீ கேட்டா அனுப்புவா."

தான் கேட்டால் அவள் போனை வைத்துவிடுவாள் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

12 நவம்பர்

கேட்டேன். ஜெசிந்தாதான் போனை எடுத்தாள். 

"குடிக்காம இருக்காரா மதினி?"

"நேத்தும் இன்னைக்கும் குடிக்கல."

"அடுத்த வாரம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். இருபதாந்தேதி அனுப்புறேன்."

அவனிடம் சொன்னேன். "இருப்பேன்க்கா" என்றான். இதே வார்த்தையைக் கோயிலில் முட்டிபோட்டுக்கூடச் சொல்லியிருக்கிறான்.

14 நவம்பர்

கை நடுங்குகிறது அவனுக்கு. ரசம் சோறுகூட இறங்கவில்லை. மூங்கிலில் முடிச்சு போட வராமல் கயிற்றைச் சுவருக்கு அப்பால் விட்டெறிந்தான். பிறகு அவனே போய் எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பினால் கடைசியில் அசிங்கப்படப்போவது நான்தான்.

16 நவம்பர்

இன்றும் குடிக்கவில்லை.

17 நவம்பர்

தெப்பம் மிதக்கிறது! பாலம் வரை போய் வந்தான். வழியில் கிடந்த முள்ளையும் செத்துப்போன பன்றி ஒன்றையும் கழியால் ஒதுக்கிவிட்டு வந்தானாம். கரையில் நின்றவர்கள், "என்னப்பு, சாக்கடையில டூரா?" என்று சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வரவில்லை, அவனும் சிரித்தான். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஞாயிறு வரை நிற்குமா என்று பார்க்க மேலக்குளத்துக்கே நடந்து போய் வந்தான். நிற்குமாம்.

18 நவம்பர், வெள்ளி

அவன் வெளியே போயிருந்த நேரத்தில் ஜெசிந்தா போன் செய்தாள்.

"மதினி, மறைக்காமச் சொல்லுங்க. நம்பி அனுப்பலாமா?"

அனுப்பு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாக அவன் தொடவில்லை, அது சத்தியம். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பிஞ்சுக் கை தொங்கிக்கொண்டிருந்ததுதான் கண் முன்னால் வந்து நின்றது.

"தண்ணி ஆழமா?" என்றாள் அவள்.

"இடுப்பளவு இருக்கும்."

"பிள்ளைக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்கிருவீங்களா?"

வாய் வரவில்லை. அவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாள்! கடைசியில், "சரி மதினி" என்று வைத்துவிட்டாள்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? பாப்பா வராதுன்னு அவன்ட்ட எப்படிச் சொல்ல? அம்புட்டு ஆசையா துடுப்பு செதுக்கிக்கிட்டு இருக்கானே.

19 நவம்பர்

புளி ஊறவைக்கச் சொன்னான். ஊறவைத்தேன். சொல்லவில்லை.

20 நவம்பர், ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். சவரம் செய்து, கல்யாணச் சட்டை போட்டிருந்தான். வடமதுரைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்திருப்பான். வெயில் உச்சிக்கு வந்தபிறகு தனியாக வந்தான்.

"வரல."

நான் சோற்றுத் தூக்கை எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

"அத ஏன் உள்ள வைக்கிற? நீயாவது வா, போவோம்."

ஏறினேன். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கதவின் நடுவில் உட்கார்ந்தேன். நாற்றம் இருந்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை. வீடுகளின் பின்பக்கமெல்லாம் தெரிந்தது: காயப்போட்ட துணிகள், கக்கூஸ் குழாய்கள், எங்களையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஆடு. அவன் துடுப்பு போடுவதை இன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். தண்ணீர் சத்தமே போடவில்லை. கைநடுக்கம் இல்லை. இவன்தானா அவன் என்றிருந்தது.

ரயில் பாலத்து நிழலில் நிறுத்தினான்.

"செத்த நேரம் இப்படியே நிப்போம்க்கா."

சாப்பிட்டோம்.

"அவ உங்கிட்ட எதுவும் சொன்னாளா?"

"இல்லடா."

துடுப்பால் பாலத்துத் தூணைத் தள்ளித் தெப்பத்தைத் திருப்பினான். கொஞ்சம் கழித்து, "நல்லா மிதக்குதுல்ல?" என்றான்.

"நல்லா மிதக்குது."

21 நவம்பர்

நேற்று சாயங்காலம் வெளியே போனவனை இன்று காலையில் சௌகத் அலி பாய் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். செருப்பில்லை. கல்யாணச் சட்டை முழுக்க வாந்தி.

"ஏம்மா, நல்லாத்தானே இருந்தாப்ல?" என்றார் பாய்.

2 டிசம்பர்

மறுகால் நின்றுவிட்டது; வாய்க்காலில் பழையபடி சாக்கடைதான். டியூப்களை பாய் எடுத்துப்போய்விட்டார். ஸ்டீபன் எதையும் பார்க்கவில்லை.

6 பிப்ரவரி 2006

ஸ்டீபனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பாரில் டம்ளர் எடுக்கிற வேலை. என்னிடம் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னான்.

3 மே

மத்தியானம் போன். ஜெசிந்தா என்று எடுத்தால், பிரிஸ்கில்லா.

"அத்தை, எனக்கு லீவு விட்டாச்சு. அப்பா இருக்காங்களா?"

உள்ளே வெறுந்தரையில் குப்புறப் படுத்திருந்தான். வாசல்வரை நாறியது.

"வேலைக்குப் போயிருக்காங்கம்மா."

"நான் அங்க வரவா? அம்மா உங்ககிட்ட கேட்டுக்கச் சொன்னாங்க."

"இங்க வெயில் ரொம்ப அடிக்குதும்மா."

"இங்கயும்தான் அத்தை அடிக்குது."

 லீவு விட்ட பிள்ளையிடம் நன்றாகப் படி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.