உள்பக்கம் திறக்கும் கதவு

ஞாயிறு, இரவு

புது வீட்டுக் குளியலறைக்குக் கண்ணாடிக் கதவு பார்க்கக் குளுவாங் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். உள்பக்கமாகத் திறக்கும் கதவு அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் வெளியே சொட்டாதாம்.

எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் அம்மா குளிக்கும்போது மயங்கி விழுந்தார். இது இரண்டாவது முறை. இந்த வீட்டுக் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், அதனால் என்னால் உள்ளே போய்த் தூக்க முடிந்தது. "புது வீட்டுல பால் காய்ச்சுற வரைக்கும் அப்பாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா வீடு மாறுறதையே தள்ளிப் போட்டுடுவாரு" என்றார் அம்மா. புது வீட்டில் கதவை ஒட்டி விழுந்து கிடந்தால் நான் எப்படித் திறப்பேன்?

"வெளிய திறக்கிறது வாங்கலாம்பா."

"தரையெல்லாம் ஈரமாகும் லா. யாரு தொடைக்கிறது?"

"நான் தொடைக்கிறேன்."

"அட, அலமாக்! சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்ட நீ" என்று அப்பா சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

நாளைக்கு அளவெடுக்க வருகிறார்கள். அம்மா குளிக்கும்போதெல்லாம் வாசலில் நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காலையில் அப்பா வேலைக்குக் கிளம்புமுன் சொல்லிவிடப் போகிறேன். அம்மா என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.