பாதத்தின் மேல் ஒரு முட்டை

உ

நிக்டி
12.7.2004

சௌபாக்யவதி ப்ரீதிக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம், டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளை சபரியும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சௌக்கியமாய் இருக்கணும். ரெண்டு ஞாயிறாய் உன் போன் வரவில்லை, கோபம்தான், தெரியும். அம்மா இருந்தால் வந்திருப்பாள், நீயாவது பிரசவத்துக்கு வாயேன் அப்பா என்று நீ அழுதபோது, அதெல்லாம் பொம்மனாட்டிகள் காரியம், நான் வந்து என்ன கிழிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைத் தைக்கணும்.

நேற்று மழை விடாமல் கொட்டியது, வாக்கிங் போகவில்லை, டிவியில் ஹிந்தியில் பெங்குவின் காட்டினான். அந்தப் பனியில் அம்மாக்காரி ஒரே ஒரு முட்டை இட்டு, அதை அப்பன் பாதத்துக்குத் தள்ளிவிட்டு, இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறாள். மாற்றும்போது கொஞ்ச நேரம் ஐஸில் கிடந்தால் முட்டை உறைந்து போச்சு. அப்புறம் அந்த அப்பன் அதைக் காலில் ஏந்தி, வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு ரெண்டு மாசம் நிற்கிறதுடி, அன்னம் ஆகாரம் கிடையாது. ஆயிரக்கணக்கில் அப்பன்மார் லோக்கல் ட்ரெயின் கூட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் விறைக்கிறவன் உள்ளே வர, உள்ளே இருப்பவன் ஓரத்துக்குப் போக, ஒருத்தனும் சண்டை போடவில்லை. குஞ்சு பொரிந்தும் அம்மா வரவில்லையென்றால், பட்டினி கிடந்த தொண்டையிலிருந்தே பால் மாதிரி எதையோ எடுத்து ஊட்டுகிறது. காபி கையிலேயே ஆறிப்போச்சு. பகவான் இப்படியும் ஒரு தகப்பனைப் படைத்திருக்கிறான், அறுபத்திமூணு வயசு வரைக்கும் எனக்குத் தெரியாமல் போச்சே.

உன்னிடம் ஒன்று சொல்லணும். நீ பிறந்து கழுத்து நிற்கிற வரைக்கும் நான் உன்னைத் தூக்கினதே இல்லை. கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். அம்மா கொண்டுவந்து நீட்டினால், ஃபாக்டரிக்கு நாழியாச்சு என்று செருப்பை மாட்டிக்கொள்வேன். போனில் அப்படிப் பேசினதும் அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை. இன்று காலை மாடி வீட்டு சாவித்ரி வஹினியிடம் போய், உன் பேரனைக் கொஞ்சம் கொடு என்று கேட்டேன், நாற்பது நாள் குழந்தை. சிரித்துவிட்டு, கழுத்துக்குக் கீழே கை கொடுங்கோ காகா, பயப்படாதீங்கோ என்று மராட்டியில் சொல்லி மடியில் வைத்தாள். அரை மணி அசையவில்லை, கால் மரத்துப் போச்சு, அது தூங்கிவிட்டது. நாளைக்குக் குளிப்பாட்டச் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

பாஸ்போர்ட் ஃபாரம் எழுதிவிட்டேன். விசாவுக்கு லெட்டர் அனுப்பச் சொல்லி சபரிக்கு ஞாபகப்படுத்து. இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. தீர்க்காயுசாய் இரு. ஐப்பசியில் பெற்று என் கையில் கொடுத்துவிட்டு நீ தூங்கு, நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு
அப்பா சந்திரமௌலி