ஸ்டெல்லா அக்காவின் மனையில் எழுந்த கறுப்புக் கண்ணாடி வீடு

என் பிரியமான ஸ்டெல்லா அக்கா,

உங்கள் வீடு இப்போது இல்லை. இதை உங்களுக்கு யார் சொல்வது என்று யோசித்தேன், என்னைத் தவிர ஆளில்லை. நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் திரும்புவதற்குள் இடித்துவிட்டார்கள். மங்களூர் ஓடு சரிந்து இறங்கிய முன்வாசல், நீங்கள் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திய சிவப்புத் தரை, என் சமையலறைக்கு நேர் எதிரே இருந்த உங்கள் சமையலறை ஜன்னல், எல்லாம் லாரியில் ஏறிப் போயிற்று.

அங்கே நாலு மாடி எழுந்திருக்கிறது. கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள். மேலே முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. முப்பதடிக்கு நாற்பதடி சைட்டில் ஒரு சாண் மண்ணைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நமக்கு நடுவே இருந்த காம்பவுண்டை ஒட்டியே சுவர் ஏறுகிறது. நான் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு அரிசி களைகிறேன்.

விஜயநகரில் நம் கிராஸ் தெரு உங்களுக்குத் தெரியாததா? எல்லா வீடும் கிட்டத்தட்ட ஒரே உயரம். வாசலில் ஒரு தென்னை, இல்லாவிட்டால் ஒரு மாமரம். அந்த வரிசையில் இந்த வீடு, கல்யாணப் பந்தியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தவனைப் போல இருக்கிறது. முகம் தெரியாதவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது?

வாங்கியவர் பெயர் மகேஷ். ரொம்ப மரியாதையான மனுஷர். அந்த மரியாதையே எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்கால் தோண்டும்போது எங்கள் தோட்டம் முழுக்க மண் விழுந்தது. மறுநாளே மைசூர்பாகு டப்பாவோடு வந்து, "பேஜார் மாட்கோபேடி அம்மா" என்றார். வருத்தப்படாதே என்று இனிப்புக் கொடுப்பவர் இன்னும் எதற்கெல்லாம் வருத்தப்பட வைக்கப்போகிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

பின்பக்கச் சுவரில் கழிவுக்குழாய்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு எதற்கு இத்தனை பாத்ரூம்? ஆட்களைத் தங்கவைக்கும் பிஜி விடுதி நடத்தப் போகிறீர்களா என்று நேராகவே கேட்டேன். "நோடோணம்மா" என்று சிரித்தார். பார்க்கலாமாம். அவர் கட்டின வீடு, அவருக்குத் தெரியாதா? இன்றைக்கும் மேல் இரண்டு மாடி காலியாகத்தான் கிடக்கிறது. அவர்கள் கேமராவோ எங்கள் கேட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. துணி காயப்போடும் கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டிவிட்டேன்.

ஆனால் என் கோபமெல்லாம் அவர்மேல் இல்லை. உங்கள் மகன் அருண்மேல். பூனாவில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் படுக்கைச் சூடு ஆறுமுன்னே வித்துவிட்டானே என்று நினைத்தேன். போன் பண்ணினான், எடுக்கவில்லை. உங்கள் வருஷ நினைவுப் பூசைக்கு வந்தவனை மாதா கோயிலில் பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன். அவனும் கிட்டே வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படி வருவான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அதற்குள் இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டுக்காரர் சுந்தரம், போன் வந்தால் சட்டென்று எழுந்து பின்பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தார். நான் துவைக்கிற கல் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். "யாருங்க?" என்றால், "சும்மா, ஃபேக்டரியில கூட வேலை பார்த்தவர்" என்பார். ரிட்டையர் ஆனவர்களுக்குள் அப்படியென்ன ரகசியம்? தெருவிலோ, பைக்கை நிறுத்தி "ஆன்ட்டி, மனெ மாரோதிதெயா?" என்று விற்கிற வீடு தேடும் புரோக்கர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். நான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தேவராஜ மார்க்கெட்டிலிருந்து வாழைப்பழமும் பூவுமாக ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். எங்கள் காம்பவுண்டுக்குள் ஒரு ஆள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறான். பக்கத்தில் மகேஷ். எங்கள் வீட்டுக்காரர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பையைக் கீழே வைத்துவிட்டு மகேஷைத்தான் பிடித்தேன். "ஒரு பையனை ஏமாத்தி அந்த வீட்டை வாங்கினீங்க. இப்ப என் வீட்டுக்காரரா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. எங்கள் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "மேடமே கொட்டித்தம்மா" என்றார். மேடமே கொடுத்ததாம். நீங்களே, உயிரோடு இருக்கும்போதே. மகனுக்கு அப்போது தெரியவே தெரியாதாம்.

"உள்ள வா வசந்தி, சொல்றேன்" என்றார் இவர்.

நான் நடையிலேயே நின்றேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"சாட்சிக் கையெழுத்தே நான்தான் போட்டேன்."

"எப்ப?"

"ரெண்டாவது கீமோ முடிஞ்சு வந்தாங்கல்ல, அப்ப. அருண் லோன் போட்டு வைத்தியம் பாக்கறேன்னு ஒத்தக்கால்ல நின்னான். அக்காவுக்கு அது பிடிக்கல. 'அவன் இங்க திரும்பி வரப்போறதில்ல தம்பி, பூட்டின வீட்டைக் கரையான்தான் திங்கும்'னாங்க. நான் இருக்கிற வரைக்கும் இருந்துக்கறேன், அப்புறம் எடுத்துக்கங்கன்னு மகேஷ்கிட்ட பேசி முடிச்சாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"'வசந்திகிட்ட சொன்னா அவ அழுவா, நான் மனசு மாறிடுவேன்'னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவங்க போனப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"அப்ப இந்த டேப்பு?"

"அவங்க தோண்டினதுல நம்ம சுவர் விரிசல் விட்டிருக்கு. அதைச் சரிபண்ணிக் குடுக்கச் சொல்லித்தான் அவர்கிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். உனக்குத் தெரிஞ்சா தெருவையே கூட்டிடுவ."

அக்கா, அந்த மாதங்களில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து தினமும் உங்களிடம்தானே வந்தேன். ஓடி ஒளிகிற நரம்பைத் தேடிப்பிடித்து ஊசி போட்டது நான். தலை துவட்டிவிட்டது நான். நீங்கள் சுவர்களைப் பார்த்தபடி பேசாமல் படுத்திருப்பீர்கள். வலி என்று நினைத்தேன். அப்போது வீட்டிடம் விடை சொல்லிக்கொண்டிருந்தீர்களா? மார்டள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்து, நீங்களும் ஜோசப் அண்ணனும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடல்லவா? நான் அழுதால்தான் என்ன? நான் அழுது நீங்கள் மனசு மாறியிருந்தால்தான் என்ன?

அவர்கள் வெட்டிப்போட்ட உங்கள் வாசல் செண்பக மரத்தைப் பற்றியும் விசாரித்தேன். அதை வெட்டக்கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொண்டதாக இவர் சொல்கிறார். "முடிஞ்சா விட்டுடுங்க" என்றுதான் மேடம் சொன்னார், என்ஜினீயர் முடியாது என்றுவிட்டார் என்கிறார் மகேஷ். அந்த "முடிஞ்சா" உங்கள் வாயிலிருந்து வந்ததா, அவர் பிற்பாடு சேர்த்துக்கொண்டதா? இவரைக் கேட்டால் ஞாபகம் இல்லையாம். இரண்டு ஆண்கள் சேர்ந்து மறந்தால் நான் எதை நம்புவது?

"நம்ம வீட்டையும் விக்கற எண்ணம் இருக்கா?" என்று இவரைக் கேட்டேன். "உன் கையெழுத்து இல்லாம விக்க முடியுமா?" என்கிறார். அது 'இல்லை' என்கிற பதில் அல்ல, அக்கா. கவனித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அருணுக்கு நானே போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தான். "ஆன்ட்டி?" என்றான். அம்மா வித்ததே எனக்குத் தெரியாதுப்பா என்று ஆரம்பித்தேன்.

"நிஜமாவா ஆன்ட்டி? அம்மா போனப்புறம் மகேஷ் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். பேப்பர்ல அங்கிள் கையெழுத்து இருந்துச்சு. ஆன்ட்டிக்குத் தெரியாம அங்கிள் செய்வாரா, நீங்கதான் அம்மாவை விக்க வெச்சீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் நீங்க என் போனை எடுக்கல, கோயில்லயும் முகம் குடுக்கலன்னு..."

பாருங்கள், நான் அவனைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்த அதே கோயிலில் அவன் என்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு பேரும் உங்களுக்காக எரித்த மெழுகுவத்திதான் நடுவில். உங்களைச் சந்தேகப்பட மட்டும் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இவரை அன்று நன்றாகத் திட்டினேன். அந்தப் பிள்ளையிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா? "அவன்கிட்ட சொன்னா உன் காதுக்கு வந்துடும்னு விட்டுட்டேன்" என்றார். தட்டில் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் அது பாரமாகத்தான் இருந்திருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு அருண் வருகிறான். ஹோட்டலில் ரூம் போட்டிருக்கிறேன் என்றான். "ஏன், ஆன்ட்டி வீட்டையும் யாராவது வாங்கிட்டாங்களா?" என்றேன். "இல்ல ஆன்ட்டி, அந்தத் தெருவுக்குள்ள வர பயமா இருக்கு" என்றான். பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன், தெருமுனையிலிருந்து சேர்ந்து நடந்து வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்காக முன் ரூமை ஒழித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நான் இருக்கும் வரைக்கும் அருணுக்கு இந்தக் கிராஸில் வந்து இறங்க ஒரு வீடு இருக்கும். உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்தால் தீர்ந்தது என்று வந்து சொல்வேன். நான் எதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் இன்னும் இருக்கிற
உங்கள் தங்கச்சி,
வசந்தி