உம்முடைய பெயருக்கு நடுவே ஒரு காற்புள்ளி

நேற்று மத்தியானம் நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், சாரம் மட்டும் கட்டிக்கொண்டு, வெறும் மேலில் அந்தப் பச்சைக் கம்பளிப் பட்டியைத் தோளுக்குக் குறுக்கே மாட்டி, மூன்று விரலை நெற்றியில் வைத்து எனக்கு நானே மரியாதை செலுத்திக்கொண்டிருந்தேன். கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். துவாய் எடுக்க வந்த மனைவி ஒரு கணம் நின்று பார்த்தாள்.

"என்னப்பா, திரும்பவும் மாப்பிள்ளை வேசமோ?"

"இல்லை, அளவு பாக்கிறன்."

"பட்டிக்கு என்ன அளவு? வயித்தைத்தான் அளக்கவேணும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அலுமாரி ஒதுக்கும்போது அவள்தான் அதைப் பழைய உடுப்புப் பைக்குள் போட்டிருந்தாள். நான் இழுத்தெடுத்தேன். ஆறு வருடமாகியும் பேர்ச் மர விறகின் புகை மணம் அதை விட்டுப் போகவில்லை. சிநேகிதரே, நீர் காட்டில் வைக்கும் தேத்தண்ணியிலும் அதே மணம்தான் இருக்கும். குடித்தால் ஆளைப் புகைபோட்டுப் பதப்படுத்தியது போலிருக்கும். மணம் வந்ததும் நீரும் வந்துவிட்டீர். சாரத்தோடு நிற்கிற ஒருவனைப் பார்க்க வருகிற நேரமா அது?

உம்முடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது என் பெயர் என்று ஆட்கள் நினைப்பார்கள். உமக்கு வைத்த பெயர் என் அப்பாவின் பெயர். எனக்கு வைத்த பெயர் உம்முடைய அப்பாவின் பெயர். யாழ்ப்பாணத்தில் இது ஒரு தொல்லையே இல்லை. தகப்பன்மார் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்பார்கள். நோர்வேக் கடதாசிகளில் அவர்கள் முழு உருவம் எடுத்து, எங்கள் குடும்பப் பெயராகிப் பின்னால் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து உம்மைத் திருப்பிப் போட்டால் நான், என்னைத் திருப்பிப் போட்டால் நீர். போதாததற்கு நகரத்தின் அம்மருட் பகுதியில் ஒரே மாடிக்கட்டடம். நீர் ஆறாம் மாடி, நான் நாலாம் மாடி. என் மூலவியாதிச் சோதனைக் கடிதம் உமக்கு வந்தது நினைவிருக்கிறதா? நீர் அதைப் பிரித்து வாசித்துவிட்டு, லிஃப்ட் நிறைய ஆட்களுக்கு முன்னால், "ஐசே, உம்மடை பின்பக்கத்தைப் பாக்க வியாழக்கிழமை வரட்டாம்" என்று தந்தீர். லிஃப்டில் பாதிப் பேர் தமிழர்.

பட்டியல்களில் நிலைமை இன்னும் மோசம். குடும்பப் பெயரை முதலில் போட்டு, ஒரு காற்புள்ளி வைத்து, சொந்தப் பெயரைப் பிறகு போடுவார்கள். அதாவது, உம்முடைய பெயரை உள்ளபடி எழுதி நடுவே ஒரு காற்புள்ளியை வைத்தால், அது நான். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

எங்கள் மகள்மார் சாரணர் குழுவில் சேர்ந்தபோது, பெற்றோர் டுக்னாட்டுக்கு வரவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. எல்லாரும் கூடிச் செய்கிற சம்பளமில்லாத வேலை என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். நான் அதற்கு, அங்கே சுட்டுத் தரும் வாஃபிள் என்று பொருள் கொண்டேன். நீர் வேலை என்றே பொருள் கொண்டீர். இரண்டு வருடத்தில் மகள்மார் அலுத்துப்போய் விலகிவிட்டார்கள். நாங்கள் இருவரும் மிஞ்சினோம். ரயிலோட்டி வேலை முடித்து, சீருடையைக் கூடக் கழற்றாமல் கூடாரக் கொட்டகைக்கு ஓடுவீர். நான் வாசனை பார்த்துப் போவேன்.

முதல் நாளே உமக்கு வந்த சோதனை கைகுலுக்கல். சாரணர்கள் இடக்கையால்தான் கைகுலுக்குவார்கள். தலைவி இடக்கையை நீட்டினார். நீர் உம்முடைய இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்.

"எட, அந்தக் கையாலை எப்பிடியப்பா ஒரு மனிசிக்கு மரியாதை குடுக்கிறது?"

"குடும். அவைக்குத் தெரியாதுதானே அது என்ன செய்யிற கையெண்டு."

அடுத்த கிழமையிலிருந்து நீர் கூட்டத்துக்கு முன்னால் இடக்கையைத் தனியாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தீர். கடைசிவரை கழுவினீர். நான் கடைசிவரை வலக்கையையே நீட்டினேன்.

சனிக்கிழமைகளில் லில்லோமார்க்காக் காட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம். நான் முன்னுக்கு. காட்டுக் குடிலில் வாஃபிள் ஆறிவிடும் என்பதைத் தவிர வேறு தலைமைப் பண்பு எனக்கில்லை. நீர் வரிசையின் கடைசி. நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை, காலுக்குப் பெரிய சப்பாத்தோடு, நடக்கமாட்டேன் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் குந்துவாள். அவளுடைய மொழி உமக்குத் தெரியாது, உம்முடைய மொழி அவளுக்குத் தெரியாது, நோர்வே மொழி இரண்டு பேருக்கும் சரிசமனாகத் தெரியாது. அவள் குந்தினால் நீரும் குந்துவீர். ஒன்று, இரண்டு, மூன்று என்று கற்களை எண்ணி அவள் கையில் வைப்பீர். பத்துக் கல் சேர்ந்ததும் எழும்பி நடப்பீர்கள். அவள் முதலில் படித்த தமிழ்ச் சொல் "மெள்ள". நாங்கள் சாப்பிட்டு முடித்து ஏவறை விடும்போது நீங்கள் இரண்டு பேரும் வந்து சேருவீர்கள்.

"ஏனப்பா எப்பவும் கடைசியிலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னுக்கு வந்தால் உம்மடை கதையைக் கேக்கவேணுமெல்லே?"

அதே இலையுதிர்காலத்தில்தான், காட்டிலிருந்து இறங்கி வரும்போது, சிரிக்காமல் ஒன்று சொன்னீர்: "நான் விடப்போறன் ஐசே. என்ரை நோர்ஸ்க் பாசையைக் கேட்டுப் பிள்ளையளுக்குச் சிரிப்பு. நான் வந்தாலும் ஒண்டுதான், வராட்டாலும் ஒண்டுதான். ஆருக்குத் தெரியப்போகுது?"

"இந்த வருசம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாயிருந்தது, மனமில்லை.

சாரணர்களுக்குள்ளே ஒரு மதிப்பு வட்டம் இருக்கிறது. சேருகிறவருக்கு ஒரு பச்சைக் கம்பளிப் பட்டி போடுவார்கள், ஆனால் விண்ணப்பித்துச் சேர முடியாது. ஒவ்வொரு குழுவிலும் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு பெயரையும் அதற்கான காரணத்தையும் சீட்டில் எழுதி மூடிய பெட்டியில் போடுவார்கள். முடிவு குழுவுக்குச் சொல்லப்படாது. பெயர் தலைமை அலுவலகத்துக்குப் போகும். தேசியக் கூடலில்தான் வெளியில் வரும். அந்த வருடம் நாங்களும் சீட்டு எழுதினோம். மூன்று கிழமை கழித்து என் தபால் பெட்டியில் அழைப்பு கிடந்தது. உம்முடைய பெயர், நடுவே காற்புள்ளி. தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை அவசரமாகத் தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இது ஆறாம் மாடிக்குப் போகவேண்டியது என்று மூளை சொன்னது. கை கைபேசியை எடுத்து, வருகிறேன் என்று பதில் போட்டது.

கூடல் நடந்தது நகரத்துக்கு வடக்கே, ஏரிக்கரையில் ஒரு பெரிய மரவீட்டில். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்திருந்தார்கள். வளர்ந்த மனிதர்கள் அரைக்காற்சட்டையோடு நின்று, கம்பளிக் காலுறையைப் பற்றி என்னோடு ஒரு மணி நேரம் கதைத்தார்கள். துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்த ஒரு கோயம்புத்தூர்க்காரர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"சார், நீங்க தமிழா? சூப்பர் சார்! இங்க பேச ஆளே இல்ல."

"ஓம், வாங்கோ, கதைப்பம்."

"கதையா? என்ன கதை சார்?"

சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. சொல்லவில்லை.

பின்னேரம் சடங்கு. சாப்பாட்டு மேசைக்குக் கிட்ட என்பதால் நான் முதல் வரிசையில் இருந்தேன். வட்டத்தின் தலைவி, நரைத்த பின்னலோடு ஒரு வயதான பெண், அம்மருட் குழு என்று சொல்லி என் பெயரைத் தெளிவாக வாசித்தார். பிறகு குழுவிலிருந்து வந்த காரணங்களை வாசித்தார். வரிசையில் எப்போதும் கடைசியாக நடப்பவர். மொழி தெரியாத பிள்ளைக்குக் கல் எண்ணக் காட்டிக்கொடுத்தவர். நனைந்த விறகில் தேநீர் வைப்பவர். "அவர் பின்னால் வருகிறார் என்று தெரிந்தால் நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை."

கோயம்புத்தூர்க்காரர் என் காதுக்குள் குனிந்தார்.

"நீங்களா சார் கடைசியா நடக்கிறது? காலைல ஏரிக்குப் போறப்ப நீங்கதானே ஃபர்ஸ்ட்டு?"

"இண்டைக்கு லீவு" என்றேன்.

எழுந்து போனேன். கடைசியாக நடப்பவருக்கான பட்டியை வாங்க முதல் வரிசையிலிருந்து மூன்று அடி. தலைவி இடக்கையை நீட்டினார். நான் வலக்கையை நீட்டினேன். இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. சபை அன்பாகச் சிரித்தது. பதற்றம் என்று நினைத்தார்கள். பிழையான ஆள் என்று சொல்ல நோர்வே மொழியில் இரண்டு சொல் போதும், இரண்டும் எனக்குத் தெரியும். நான் "தூசன் தாக்" என்றேன். ஆயிரம் நன்றி.

கோயம்புத்தூர்க்காரர் எடுத்த படம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி அதைக் கட்டடம் முழுவதற்கும் அனுப்பிவிட்டாள். நான் சப்பாத்துக் கழற்றுவதற்குள் நீர் பயற்றம் பணியாரம் ஒரு தட்டோடு வாசலில் நின்றீர்.

"கள்ளா! ஒரு சொல்லுச் சொன்னீரே? எங்கடை ஆள் ஒருத்தருக்குக் கிடைச்சிருக்கு, சும்மாவே! சரி, என்ன சொல்லி வாசிச்சவை?"

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே நேராகியிருக்கும். பட்டியைக்கூட நானே வைத்திருந்திருக்கலாம். வாசித்ததை மட்டும் சொல்லியிருந்தால் நீர் விளங்கிக்கொண்டிருப்பீர்.

"சும்மா... பகிடி விட்டுப் பிள்ளையளைச் சந்தோசமா வைச்சிருக்கிறாராம் எண்டு."

"ஓம், அது சரிதான். ஆளைக் கண்டுபிடிச்சிட்டாங்கள்."

குற்றவுணர்வு தாங்காமல் பட்டியை உம்மிடம் நீட்டி, ஒருக்கால் போட்டுப் பாரும் என்றேன். நீர் இரண்டு கையாலும் வாங்கி, தையலைத் தடவிப் பார்த்து, மடித்துத் திருப்பித் தந்தீர். "வேண்டாம் ஐசே. கிடைச்சவன்தான் போடவேணும்."

இரண்டு கிழமைக்குப் பிறகு கூடாரக் கொட்டகைப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து தந்தீர். "இனி நீர் பாத்துக்கொள்ளும். அவை ஆளை அறிஞ்சுதான் தெரிஞ்செடுத்திருக்கினம்." அதோடு விட்டுவிட்டீர். சனிக்கிழமைகளில் மேலதிக வேலை எடுத்து ரயில் ஓட்டினீர். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு இரகசியம்தானே, ஒவ்வொரு பிள்ளையும் தான் ஒருத்தர் மட்டும்தான் உம்முடைய பெயரை எழுதியதாக நினைத்திருக்கும்.

அதற்குப் பிறகு உம்மை லிஃப்டில்தான் அதிகம் கண்டேன். சொல்லிவிடலாம் என்று நாலைந்து தரம் வாயைத் திறந்திருக்கிறேன். நாலாம் மாடி வந்துவிடும். உண்மையைச் சொல்ல ஆறாம் மாடி வரை போகவேண்டியிருந்தது.

போன மாசியில், வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை என்றார்கள். செத்தவீட்டுக்குப் பட்டியை மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள், உம்முடைய கைக்கடியில் வைத்துவிடுவது என்று. வரிசையின் கடைசியில், உம்மோடு கல் எண்ணிய அந்தப் பிள்ளை நின்றாள். வளர்ந்துவிட்டாள், நோர்வே மொழி என்னைவிட நூறு மடங்கு நன்றாகக் கதைக்கிறாள். என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தாள்.

"உங்களுக்குக் கிடைத்ததில் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை," என்று தொடங்கினாள். "ஆனால் அன்றைக்கு நான் இவருடைய பெயரைத்தான் எழுதினேன். நான் ஒருத்தி மட்டும்தான் போல."

"இருக்கும்" என்றேன்.

பெட்டியைத் தூக்கியவர்கள் படியில் தடுமாறியபோது, பின்னாலிருந்து அவள் தமிழில், "மெள்ள, மெள்ள" என்றாள். என் கை பைக்குள்ளேயே இருந்தது. பட்டியும்தான்.

இப்போது சனிக்கிழமைகளில் வரிசையின் கடைசியில் நான்தான் நடக்கிறேன். திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம், முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் குந்துகிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கிறது. நானும் கூடக் குந்துகிறேன். எழும்பத்தான் அந்தப் பிள்ளை எனக்குக் கை தரவேண்டியிருக்கிறது. முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காதபோது, அவர்கள் திரும்பிப் பார்க்காதது யாருக்காக என்று எனக்குத் தெரியும். அதைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், பட்டி பாரமேயில்லை.

இன்னும் ஒன்று. தலைமை அலுவலகத்துப் பெண்பிள்ளை என்று மேலே எழுதினேன். அப்படி ஒருத்தி இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் எங்கள் குழுவின் செயலாளர் நான். பெட்டியைத் திறந்து சீட்டுகளை வாசித்து, காரணங்களைத் தொகுத்து, பெயரைத் தட்டச்சுச் செய்து அனுப்பியவன் நான்தான்.