கோடிட்ட இடம்

மார்ச் 6, 1995 – திங்கள்
அமெரிக்காவிலிருந்து தம்பி அந்தோணி பிரபு அனுப்பிய காலண்டர் ஒருவழியாக இன்று வந்து சேர்ந்தது, வருஷத்தில் இரண்டு மாதம் போன பிறகு. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் ஒரு நாள் அச்சடித்திருக்கிறது. தும்மல் நாள், தலையணை நாள். எதற்கும் லீவு கிடையாதாம். "வேலவெட்டி இல்லாதவய்ங்க" என்றேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாதம் முழுக்கப் படித்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கோயில் காலண்டரில் ஒரு புனிதரைக்கூட விடாதவர்.
"அச்சடிச்சுட்டான்ல மெர்சி, அனுசரிக்கணும்."

மார்ச் 9
இரண்டு காலுக்கும் வேறு வேறு காலுறை போடும் நாள். அப்பாவிடம் காலுறையே கிடையாது. ஒரு காலில் தோல் செருப்பு, மறு காலில் ரப்பர் செருப்போடு சந்தைக்குப் போய் வந்தார். என் மானம் போயிற்று.

மார்ச் 14
தும்மல் நாள். பொடி போட்டுக் கடமையை முடித்தார்.

மார்ச் 20 – திங்கள்
நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டதும் கோவிலூர் பஸ் ஏறித் தங்கச்சி பெல்சியைப் பார்த்தேன். வழக்கம்போல அப்பாவுக்குத் தெரியாமல். மரப்பட்டறை விஷ்வாவை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இரண்டு வருஷம். அன்றிலிருந்து அப்பா அவள் பெயரை எடுப்பதில்லை. பிள்ளை உட்கார ஆரம்பித்துவிட்டான்.
"அப்பா எங்களப் பத்திக் கேட்டாகளாக்கா?"
கேட்டாக என்றேன். பொய்.
எவனோ அச்சடித்தால் செருப்பை மாற்றிப் போடுகிறவர், பேரனைப் பார்க்க மட்டும் யார் அச்சடிக்க வேண்டும்?

மார்ச் 22
26-ஆம் தேதிக் கட்டத்தை இன்றுதான் கவனித்தேன். 'நீங்களே ஒரு நாளை உண்டாக்கிக்கொள்ளும் நாள்.' அடியில் எழுதுவதற்கு ஒரு கோடு. அப்பா குளிக்கப் போனதும் நீலப் பேனாவால் எழுதினேன்: பெல்சி வீட்டுக்குப் போகும் நாள்.
முப்பத்தாறு வயசில் இப்படி ஒளிந்து எழுத வேண்டியிருக்கிறது.

மார்ச் 23
பார்த்துவிட்டார். சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்.

மார்ச் 26 – ஞாயிறு
பூசைக்குப் போனார், வந்தார், படுத்துக்கொண்டார். மத்தியானம் வரை பொறுத்தேன். பிறகு கேட்டேவிட்டேன். "செருப்ப மாத்திப் போட்டீக, பொடியப் போட்டுத் தும்முனீக. இதுக்கு மட்டும் என்னப்பா?"
சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.
இனிமேல் ஒரு நாளும் வேண்டாம், போதும். நாளைக்கு அந்தக் காலண்டரைக் கழற்றிப் பரணில் போட வேண்டும்.

மார்ச் 27
கழற்றப் போனேன். என் எழுத்தின்மேல் சிவப்பு மைக் கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில்: 'தவக்காலம்; ஈஸ்டர் வரை விருந்து கூடாது. முதல் தடவை போகிற வீட்டில் விருந்து வைப்பார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். தேதி மாற்றப்படுகிறது.'
ஏப்ரல் தாளைப் புரட்டினேன். ஈஸ்டர் ஞாயிற்றுக் கட்டத்தில், அவர் கையெழுத்தில்: பெல்சி வீட்டுக்குப் போகும் நாள்.
இரண்டு வருஷம் கழித்து அவள் பெயர். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 16 – ஈஸ்டர்
பெல்சி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "காலண்டர்ல போட்டிருந்துச்சு. அதான் வந்தேன்" என்றார் அப்பா. விஷ்வா ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தார். பிள்ளை அப்பாவின் கண்ணாடியைப் பிடுங்கினான், விட்டுவிட்டார். பாயசம் இரண்டு டம்ளர்.

ஏப்ரல் 17 – திங்கள்
இன்றைய கட்டத்தில் ஏதோ ஒரு நாள் அச்சடித்திருந்தது. என்னவென்று படிக்க முடியவில்லை. அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'மேற்படி.'